அண்ணி ஊற்றிய வெந்நீர்

அண்ணி போய்ச் சேர்ந்து வெகு நாளாயிற்று. நினைத்தால் முதலில் வருவது ஆவி பறக்கும் அந்த வெந்நீர்தான். அண்ணி என்றால் அக்காவின் நாத்தனார். கணவனை இழந்து, ஆம்பூரில் தம்பி வீட்டோடு இருந்தவர். நானும் அண்ணி என்றே கூப்பிடுவேன். கால்களை நீட்டி உட்கார்ந்து, அக்காவின் கைக்குழந்தையைக் குப்புறப் போட்டு, சொம்பு சொம்பாக ஊற்றுவார். "சூடு ஜாஸ்தி அண்ணி" என்றால், "நீ இன்னாத்த கண்ட? ஒடம்பு அலுப்பு போனாத்தான் புள்ள தூங்கும்" என்று என்மேலும் ஒரு கை தெளிப்பார். வாய்தான் அப்படி, அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தார்.

அப்படி ஒரு குளியலில்தான், ஆறாம் மாதம், முதல் வலிப்பு வந்தது. ஒரு பக்கத்துக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன; நெடுநேரம் நிற்கவேயில்லை. ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் பழைய செருப்பை மூக்கில் பிடித்தார். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த எங்கள் ஊரில் செருப்புக்கா பஞ்சம்! வலிப்பு எதற்கும் கேட்கவில்லை. பிறகு காய்ச்சல் கண்டாலே வலிப்பு. வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதே பிழைப்பாயிற்று. பையனுக்குப் பேச்சும் சரியாக வரவில்லை.

அண்ணி காரணம் கண்டுபிடித்துவிட்டார். மாசமாக இருந்தபோது அக்கா ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் வேலை பார்த்தாளே, அந்தப் பசையின், சொல்யூஷனின், நெடிதானாம். வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொன்னார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை, பாவம், நம்பியே விட்டாள். இன்னொரு பிள்ளை வேண்டவே வேண்டாம் என்றாள். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே கூசினாள். எனக்கு அண்ணிமேல் பற்றிக்கொண்டு வரும்.

பையன் பள்ளி வயதைத் தாண்டிய பிறகுதான், இரண்டாயிரமாவது ஆண்டும் கடந்தபின், வேலூர் டாக்டரம்மா புதிதாக வந்த மரபணுப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். பிள்ளை, தாய், தகப்பன் மூவரின் ரத்தமும் வெளியூர் போயிற்று. முடிவு கேட்கப் போனபோது அண்ணியும் கூட வந்தார். பிள்ளையின் மரபணு ஒன்றில் கோளாறு. அது தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை, கரு உண்டாகும்போதே தானாக நேர்ந்தது என்றார் டாக்டரம்மா.

"அப்ப சொல்யூஷன் நெடியால இல்லியா டாக்டர்?" என்றாள் அக்கா.

"இல்லம்மா. நீங்க பண்ணது எதுவும் காரணமில்ல."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுவரோரம் நின்றிருந்த அண்ணி அப்போதுதான் வாய் திறந்தார்.

"நா ஊத்துன வெந்நீரு?"

"சூடு பட்டா இந்த நோய் இருக்கிற பிள்ளைங்களுக்கு வலிப்பு கெளம்பும்மா. இனிமே வெதுவெதுன்னு ஊத்துங்க. ஆனா நோய் வெந்நீரால வரல."

அக்கா திரும்பிப் பார்த்தாள். "இத்தினி வருஷமா அதையா நெனச்சிட்டு இருந்தீங்க, அண்ணி?"

அண்ணி தலை நிமிரவில்லை. "தாங்க முடியலம்மா. அதான் ஒம்மேல போட்டுட்டேன்."

அக்கா எழுந்து, தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள்.