ஒரு கல்லும் இறங்காத மலை

சங்ககிரியைத் தாண்டி ஒரு சுண்ணாம்புக்கல் மலை. மேற்குச் சரிவைச் சிமெண்டுக்காக வெட்டி வெள்ளையாக்கியிருக்கிறார்கள். நான் ஏறி இறங்குவது கிழக்குச் சரிவில், உசிலையும் வெப்பாலையும் அடர்ந்த காட்டுக்குள். உச்சியில் முனியப்பன் இருக்கிறார். எனக்கு வழிகாட்ட வந்திருக்கும் சரசு, மறுபக்கக் குவாரியில் டிப்பர் ஓட்டுகிறவர். இன்று அவருக்கு விடுமுறை.

அடிவாரத்தில், எங்களுக்கு முன்னால் இறங்கியவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றி உதறுகிறார்கள். சரசுவும் உதறிவிட்டு என்னைப் பார்க்கிறார்.

"ஏனுங்க, பாக்கெட்டுல இருக்கற கல்லயும் எடுத்துப் போட்டுருங்க."

உச்சியில் ஆசைப்பட்டு எடுத்த வெள்ளைக் கல் அது. "ஒரே ஒரு கல்லுதாங்க. அந்தப் பக்கம் நீங்களே லோடு லோடா ஏத்தறீங்களே?" என்கிறேன்.

"ஆமாங்க, அது பொழப்பு. இது முனியப்பன் காடு. ஒரு பொடிக்கல்லக்கூட எறங்க உடமாட்டோம். இந்தப் பக்கமும் வெட்டணும்னு குவாரிக்காரங்க வந்தப்ப, டிரைவருங்க அத்தன பேரும் வண்டிச் சாவியக் கொண்டுபோயி அவுங்க மேசைல வெச்சுட்டமுங்க. அதான் இன்னைக்கு நீங்க நெழல்ல நடந்தீங்க."

கல்லை ஒரு வேரடியில் வைக்கிறேன். ஷூவைக் கழற்றித் தட்டினால் வெள்ளைத் துகள் கொஞ்சம் உதிர்கிறது. போதும் என்று கிளம்பப் பார்க்கிறேன். சரசு நகரவில்லை.

"இன்னொரு ஷூங்க," என்கிறார்.