விளையாட்டு இருந்த கேசட்

1987இல் போடியில் செல்வமும் அவர் தங்கை மேரியும் எட்டு மாதம் உழைத்து, ஏலத்தோட்டத்தில் புகும் யானையை விரட்டும் வீடியோ கேம் ஒன்றை உருவாக்கினார்கள். அவர்களுடைய கம்ப்யூட்டர், எழுதியதைப் பாட்டு கேசட்டில்தான் சேமிக்கும்.

அவர்கள் உழைத்த கதையைத் தேதிவாரியாகப் பதிவுசெய்ய டேப் ரிக்கார்டரோடு போனேன். என் கேசட் தீர்ந்ததும், மேசையில் பெயர் எழுதாமல் கிடந்த ஒன்றைக் கேட்காமல் எடுத்துப் போட்டேன். கிளம்பும்போது அதை அங்கேயே மறந்து வைத்துவிட்டேன்.

அதை எடுக்க மறுநாள் நான் போனபோது, மதுரையிலிருந்து கேமை வாங்க வந்தவருக்கு முன்னால் கேம் ஓடவில்லை. மேரி அந்தக் கேசட்டை டேப் ரிக்கார்டரில் போட்டார்.

“எந்தத் தேதியில முடிச்சீக?” என்றது என் குரல்.

“வேற காப்பி இருக்கா?” என்றேன்.

“நாளைக்கு எடுக்கலாம்னு இருந்தோம்ண்ணே” என்றார் மேரி.

செல்வம் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னைத் தேதியையும் குறிச்சுக்கங்கண்ணே.”

என் நாட்குறிப்பில் அந்தப் பக்கம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது.