பேத்தி அறையின் ரேடியேட்டர்

செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாய்லரோடு மல்லுக்கட்டியே என் வேலைக்காலம் முடிந்தது. ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் வந்து உட்கார்ந்தபோது, இனிமேல் குழாய், வால்வு என்று யாரும் என்னைத் தேடி வரமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். ஸ்காட்லாந்தில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நிம்மதி அதோடு சரி.

முறைப்படி மகள்தான் பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டும். அவளால் வரமுடியாமல் போகவே என் மனைவி கிளம்பினாள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து எனக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு அவள் தனியாக எங்கும் போனதில்லை. பயமாக இல்லையா என்று கேட்டேன். ஏரோப்ளேனை நானா ஓட்டப் போகிறேன் என்று திருப்பிக் கேட்டாள்.

குளிர் முற்றிய ஒரு நாள், அங்கே காலை, இங்கே நான் சாப்பிட உட்காரும் நேரம், வீடியோ காலில் வந்தாள். முகம் சரியில்லை.

"ரூம் சூடே ஆவல மாமா. புள்ள கை ஐஸாட்டம் இருக்குது."

அந்த ஊர் வீடுகளில் சுவரோரமாக இரும்பில் ரேடியேட்டர் வைத்திருப்பார்கள். அதற்குள் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும். கூடத்தில் இருப்பது நன்றாகக் காய்கிறது. இருக்கிற ஒரே படுக்கையறையில், பேத்தி படுக்கிற இடத்தில், ஜில்லென்று கிடக்கிறது. கூடத்தில் தொட்டிலைப் போடலாம் என்றால் வாசல் கதவிடுக்கில் வரும் காற்று ஆளை அறுக்கிறதாம். மருமகன் வேலையாக வெளியூர் போயிருந்தார். ரிப்பேர்காரர் திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை பிறந்த குழந்தை தாங்குமா என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் கவலை.

பாய்லர்காரன் அல்லவா, யோசிக்காமல் தீர்ப்புச் சொன்னேன்: உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைக்கச் சொல்லி, மேல்மூலையில் இருக்கும் சின்னத் திருகை மெதுவாகத் திறக்கச் சொன்னேன். பழைய துண்டு ஒன்றைக் கீழே பிடித்துக்கொண்டு திறந்தாள். காற்று வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. சரியாகப் பார் என்று அதட்டினேன். போனை அதன் பக்கத்திலேயே கொண்டுபோய்க் காட்டினாள். தண்ணீர்தான். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

மறுபடி ஹீட்டிங்கைப் போட்டுக் கொஞ்சநேரம் கழித்துக் குழாய்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். நிதானமாகத் தடவிக்கொண்டே போனாள்.

"இந்தப் பக்கத்துக் குழா சுடுது. குமிழு வரைக்கும் சுடுது. அதத் தாண்டி சூடே இல்ல."

அவ்வளவுதான், கோளாறு பிடிபட்டுவிட்டது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அசந்துபோனேன். வெந்நீரை உள்ளே விடும் வால்வைத் திருகும் குமிழ் அது. திறந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"இத நான்தான் மாமா தெனமும் மூடுறேன். படுக்கப் போறப்ப மூடிட்டு, காலைல தெறந்துடுவேன்."

பின்னால் மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். குளிர் குறைவாக இருந்த நாட்களில் மூடினாலும் அறையில் சூடு தங்கியிருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. இன்று குமிழைத் திறந்தும் அதற்குள் வெந்நீருக்கு வழிவிடும் ஊசி மேலே எழும்பாமல் இறுகிக்கொண்டது.

ஊசியைப் பிடுங்கினால் வெந்நீர் பீய்ச்சி அடிக்கும், தொடாதே, திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன். பயந்தது நான்தான். அவள் குழந்தையை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"இழுக்கக் கூடாது, அவ்ளோதான? அமுக்கலாமில்ல?"

அமுக்கலாம், அமுக்கி அமுக்கி விட்டால் இறுக்கம் விட்டு அதுவே எழும்பும். குமிழைக் கழற்றி, ஊசியின் மேல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டாள். பக்கத்தில் லேசாகத் தட்டினாள், கரண்டியின் முதுகால் அமுக்கினாள். அது அசையவில்லை. அவள் முரட்டுத்தனமும் காட்டவில்லை, விட்டுவிடவும் இல்லை. எத்தனையோ வால்வுகளோடு சண்டைபோட்ட எனக்கு அந்தப் பொறுமை ஒருநாளும் வந்ததில்லை. கடைசியில் ஊசி எழும்பியது. குமிழை மாட்டிவிட்டு இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள்.

"வருது மாமா."

பேத்தியின் கை சூடான பிறகுதான் மகள் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சோற்றை மறந்தே போனேன். எல்லாம் அடங்கியபின், அதை ஏன் மூடினாய் என்று கேட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து படுக்கும்போது அவளிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கேஸை மூடிட்டியா? திறந்துகிடக்கும் ஒரு வால்வு என்ன செய்யும் என்று வேலையில் கண்ணால் பார்த்தவன் நான். தினமும் சலித்துக்கொண்டுதான் பதில் சொல்லுவாள்.

"இங்க கேஸே இல்ல, எல்லாம் கரண்ட் அடுப்பு. கேக்குறதுக்கும் ஆளில்ல. எதையாச்சும் மூடுனாத்தான் நீங்க பக்கத்துல இருக்குற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

"இனிமே அத மூடாத. படுக்கறப்ப போன் பண்ணு, நான் கேக்குறேன்" என்றேன்.