களத்தில் காய்ந்த காமிக்ஸ்

அத்தையின் காமிக்ஸ் புத்தகங்களுக்கு மார்க் போட அமெரிக்காவில் ஒரு கம்பெனி இருக்கிறது என்று சித்தப்பா சொன்னபோது, வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எதற்காவது மார்க் உண்டு என்று தெரிந்துவிட்டால் அதன்மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிடும்.

சித்தப்பா பொங்கலுக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். அவர் பள்ளிக்கூடம் போன நாட்களில் தலை சீவி அனுப்பியவள் அத்தை. அதனால் ஒவ்வொரு முறை வரும்போதும் அக்காவுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று துடிப்பார். ஒருமுறை கால் பிடித்துவிடும் மெஷின், இன்னொரு முறை தானாகவே பேசும் குக்கர். அத்தை எல்லாவற்றையும் சிரித்த முகத்துடன் வாங்கிப் பரணில் ஏற்றிவிடுவாள். அந்த முறை எதையோ தேடிப் பரணில் ஏறியவர், தான் வாங்கித் தந்த சாமான்களுக்குப் பின்னால் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டார்.

பெட்டி நிறைய காமிக்ஸ். அத்தை பள்ளி நாட்களில் நன்னிலம் பேருந்து நிலையக் கடையில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. உள்ளங்கை அகலப் புத்தகங்கள், சாணித்தாள், அட்டையில் மட்டும் நாலு வண்ணம். பூச்சி வராமல் நடுநடுவே வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைத்திருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளுக்கு ஒரு காமிக்ஸ் வேண்டும். இடது கையால் பக்கம் புரட்டிக்கொண்டு, ரசம் சாதம் ஆறுவதுகூடத் தெரியாமல் படிப்பாள்.

“அட்டை, முனை, பின்னு, தாள் எல்லாத்தையும் பார்த்துப் பத்துக்கு இத்தனைன்னு போடுவாங்கக்கா. அப்புறம் கண்ணாடி மாதிரி ஒரு பெட்டிக்குள்ள வச்சு ஒட்டிடுவாங்க. காலத்துக்கும் கெடாது” என்றார் சித்தப்பா.

“ஒட்டிட்டா எப்படிடா படிக்கிறது?”

“படிக்கக் கூடாதுக்கா. பிரிச்சா மார்க் போச்சு.”

 “பார்க்கலாம்டா” என்றாள் அத்தை. எங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வோம். சித்தப்பா வெளிநாட்டுக்குப் போய் அதை மறந்திருந்தார்.

அப்பா மட்டும்தான் எச்சரித்தார். “தரம் பார்க்கிறவன் முன்னாடி ஒரு பொருளக் கொண்டுபோய் வச்சிட்டோம்னா நம்ம கை கீழதான்டா. யோசிச்சுக்க.” அது அவர் வருடாவருடம் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நின்று கற்றது.

சித்தப்பா மறுநாளே வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு புத்தகத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டார். நான் கணக்கு நோட்டில் கட்டம் போட்டு மார்க் கொடுத்தேன். அட்டை, முனை, பின்னில் துரு, வாசனை. அமெரிக்காவில் வாசனைக்கெல்லாம் மார்க் கிடையாது என்றார் சித்தப்பா. வசம்பு வாசனைக்கு மார்க் இல்லையென்றால் அது என்ன கம்பெனி என்று நான் அந்தக் கட்டத்தை எடுக்கவில்லை. இன்று இயந்திர பாகங்களைச் சோதித்துத் தேறியது, தேறாதது என்று பிரிப்பதுதான் என் உத்தியோகம். அங்கேயும் வாசனைக்குக் கட்டம் இல்லை.

ஒரு புத்தகத்தில் ராணிக்கு முறுக்கு மீசை இருந்தது.

“எந்தப் பயடா ராணிக்கு மீசை போட்டது?” என்று சித்தப்பா கொதித்தார்.

“நீதான். ஒண்ணாங் கிளாஸ் படிக்கிறப்ப” என்றாள் அத்தை. சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே இரண்டு மார்க் குறைக்கச் சொன்னார்.

அன்று இரவு அத்தை தட்டோடு உட்கார்ந்து, “ஒண்ணு எடுத்துக் குடுடா” என்று கேட்டாள். “ஐயோ, சாப்பாட்டுக் கைக்கா” என்ற சித்தப்பா அன்றைய செய்தித்தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்துவைத்தார். அத்தை விளைச்சல் செய்தியைப் படித்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்தாள். நான் சித்தப்பா பக்கம். உறைக்குள் பளபளவென்று இருந்த புத்தகத்தை ரசத்துக்குப் பக்கத்தில் வைக்க எப்படித்தான் மனசு வருகிறதோ என்று நினைத்தேன்.

சித்தப்பா கிளம்ப இரண்டு நாள் இருந்தபோது, புத்தகங்களைக் கட்டி அனுப்பப் பெட்டியும் பஞ்சுத்தாளும் வாங்கத் தஞ்சாவூருக்குப் போனார். அப்பா களத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் முகம் சரியாக இல்லை. முதல் நாள்தான் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதல் என்று எங்கள் மூட்டைகளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நன்னிலத்து நூலகத்தில் வேலை பார்த்த அத்தை, கையில் குடையோடு பஸ்ஸுக்குப் புறப்பட்டவள், உறைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை உருவினாள்.

“அண்ணே, இதக் கொஞ்சம் புடிச்சுப் பாருங்க. நமுத்தாப்ல இல்ல?”

அப்பா தாளை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். “ஆமா, நமுத்துத்தான் இருக்கு.”

“பரண்ல கெடந்ததுதானே. ஈரத்தோட போனா அங்க என்ன சொல்லுவாங்களோ.”

“என்ன சொல்லுவான்? திருப்பி அனுப்புவான்” என்றார் அப்பா. அத்தை குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அதற்குப்பின் அப்பா ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. தம்பி ஆசையாகச் செய்யும் காரியம் ஈரத்தால் கெட்டுவிடக் கூடாது. களத்தில் நெல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு தார்ப்பாய் விரித்தார். நான் உறைகளைக் கழற்றி, மார்க் வரிசையில் புத்தகங்களைப் பரப்பினேன். நெல்லைக் கிளறிவிடும்போதெல்லாம் அப்பா புத்தகங்களையும் திருப்பிப் போட்டார். தை மாதத்து வெயில் பளிச்சென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் அட்டைகள் எண்ணெயில் போட்ட அப்பளம்போல் வளைந்தன. “அப்பா, முனையெல்லாம் தூக்குது” என்றேன். “காயுறப்ப அப்படித்தான் இருக்கும்” என்றார்.

மதியத்துக்கு மேல் காற்று எழுந்தது. துருப்பிடித்த பின்கள் விட்டுவிட, தாள்கள் களத்தைத் தாண்டி வரப்பு வரைக்கும் பறந்தன. நெல் தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் சும்மா கொடுக்கவில்லை.

“இந்தக் குதிரைக்காரன் பொழைச்சானா இல்லையா? மிச்சத் தாளு யாருகிட்ட இருக்கு?”

“எங்கிட்டதான். இரு, நான் முடிச்சுக்கறேன்.”

“நீ எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள அவனே கெழவனாயிடுவான். குடுடி இங்க.”

களத்தில் வேலை நின்றுபோனது. அதட்ட வேண்டிய அப்பாவோ வேப்பமரத்தடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, “வைரத்த எடுத்தது அந்த டாக்டர்தான். நான் அப்பவே நெனச்சேன்” என்றார். கதையில் இன்னும் அந்த இடத்துக்கு வராதவர்கள் அவரைத் திட்டினார்கள்.

சித்தப்பா தோளில் அட்டைப்பெட்டியோடு களத்துக்கு வந்தபோது காட்சி அப்படித்தான் இருந்தது. பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?”

அப்பா எழுந்து, நன்றாக முறுகிய ஒரு புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். “சுத்தமா ஈரம் இல்லடா. வேணும்னா கடிச்சுப் பாரு.”

நெல் காய்ந்ததா என்று பார்க்க நாங்கள் செய்வது அதுதான்.  சித்தப்பா அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரித்து முடியாமல் தார்ப்பாயில் உட்கார்ந்தார். மீசை வைத்த ராணி அவர் மடியில் வந்து விழ, அவரும் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

அழுதது நான் மட்டும்தான். எட்டு மார்க் வாங்கியவையெல்லாம் மூன்றுக்கு இறங்கியிருந்தன. சாயங்காலம் அத்தை வந்ததும் நோட்டை நீட்டினேன். அவள் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

“படிக்க வருதுல்ல?”

“வருது.”

“அப்புறம் என்ன?” என்றாள். அப்பாவையும் கோபித்துக்கொள்ளவில்லை. புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு நெல் மூட்டையை வைத்து அழுத்தச் சொன்னாள். இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, சித்தப்பாவே ஒரு காமிக்ஸைக் கொண்டுவந்து அவள் தட்டருகில் வைத்தார். அத்தை அன்று இரண்டு முறை ரசம் கேட்டாள்.

சித்தப்பா ஊருக்குப் போன மறுநாள், பள்ளிக்கு விடுமுறை என்று அத்தையோடு நூலகத்துக்குப் போனேன். தினமும் வரும் பெரியவர் ஒருவர், படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தார். அத்தை நிமிராமலே, “வெயில்ல வைக்காதீங்க ஐயா, தாளு முறுகிப் போயிடும்” என்றாள்.

“நீ இங்க வேலைக்கு வந்த நாள்லேருந்து இதையேதாம்மா சொல்ற” என்று சலித்துக்கொண்டே அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

 இது மட்டும் அன்றைக்கு அப்பாவுக்குத் தெரிந்திருந்தால்! “அத்தை, இத அப்பாகிட்ட சொல்லணும். அவருக்குத் தெரியாது” என்றேன்.

அத்தை பேனாவை மூடினாள். “வேணாம் பாப்பா. பாவம் அவரு” என்று சொல்லி, எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய் எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கித் தந்தாள்.

அண்ணன் மனம் நோகக் கூடாது என்று எவ்வளவு பார்க்கிறாள், அவளுக்குப் பத்துக்குப் பத்து போடலாம் என்று உறிஞ்சிக் குடித்தபடி நினைத்துக்கொண்டேன்.