மாணிக்கத்தின் மோரிஸ் மைனரும் கோலா சிலாங்கூர் கார் கண்காட்சியும்

பயணத்தைச் சொல்வதற்கு முன் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நான் பட்டதாரி. இடைநிலைப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து, துணைத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். ரவாங் வட்டாரத்தில் இயங்கும் எங்கள் பழைய பிரிட்டிஷ் கார் சங்கத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தலைவராக இருந்தவன். அக்காலத்தில் எத்தனையோ பயணங்களை நடத்தியிருக்கிறேன். ஓர் உறுப்பினரையும் சாலையில் விட்டுவிட்டு நான் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. கடந்த அக்டோபர் வரை இதை எவரும் மறுத்ததுமில்லை.

கோலா சிலாங்கூரில் சனி, ஞாயிறு இரு நாள்கள் பழைய கார் கண்காட்சி. காருக்கு நுழைவுக் கட்டணம் நாற்பது வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரவாங் பெட்ரோல் நிலையத்தில் எங்கள் ஏழு கார்களும் கூடின. வானம் கறுத்திருந்தது. முதல் நாள் மாலையிலிருந்தே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்ததால் தரையெல்லாம் எண்ணெயும் நீருமாக மினுங்கியது.

எங்கள் சங்கத்தின் வழக்கங்களை அறியாதவர்களுக்கு மூன்றைச் சொல்ல வேண்டும். கார் லோரியில் ஏறி வரக்கூடாது. தன் சக்கரத்தில்தான் வர வேண்டும். தலைவரின் கார் எப்போதும் கடைசியில் வரும். வழியில் எந்தக் கார் நின்றாலும் கடைசிக் கார் நின்றே ஆக வேண்டும். மூன்றாவது, எழுதப்படாதது: சாலையோரம் நிற்கும் காரின் போனட், அதாவது இன்ஜின் மூடி, தூக்கியிருந்தால் உதவி வேண்டும் என்று பொருள். போனட் இறங்கியிருந்தால் மற்றவர்கள் நிறுத்தக்கூடாது. இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டுப் போக வேண்டும். நன்றாக ஓடும் காரின் அருகே போய் நிறுத்தி, என்ன கோளாறு என்று கேட்பது அதன் சொந்தக்காரரை அவமதிப்பதாக எங்களிடையே ஆகிவிட்டது.

மாணிக்கத்தின் போனட் சாலையில் ஒரு நாளும் தூக்கப்பட்டதில்லை. ராசா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தாறு வயது. கிள்ளானில் ஒரு சீன டாக்டரின் மனைவியிடமிருந்து, டாக்டர் இறந்த பிறகு, அந்தப் பச்சை நிற மோரிஸ் மைனரை வாங்கியிருந்தார். அந்தக் காரின் பெயரால்தான் அவர் எங்கள் நடுவில் நிமிர்ந்து நின்றார் என்று சொன்னால் மிகையாகாது.

சங்கச் செயலாளர் ரவி, ஐம்பது வயதுக்காரர், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் மேலாளர், அன்றும் அவரைச் சீண்டினார்.

"என்னா கிராணி அங்கிள், இன்னைக்காச்சும் போனட்டத் தூக்கிக் காட்டுவீங்களா? உள்ள இன்ஜின் இருக்கா இல்லையான்னே எங்களுக்குத் தெரியாது."

"ஒன் வண்டியப் போன தடவ தள்ளுனதுல இடுப்பு இன்னும் வலிக்குது. மொதல்ல அதுக்குத் தைலம் வாங்கிக் குடு," என்றார் மாணிக்கம்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதே அவர் முகம் வெளிறியிருந்தது என்று பின்னர் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பத்து ஆராங் வழியாகப் போனோம். நிலக்கரி தோண்டிய காலத்துச் செங்கல் புகைபோக்கிகள் மழையில் நனைந்து நின்றன. அடுத்து பெஸ்தாரி ஜெயா; பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். ஈயம் எடுத்துக் கைவிட்ட குட்டைகள் சாலையின் இருபுறமும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. அவற்றின் மேல் ஒரு பறவையைக்கூட நான் காணவில்லை. அங்கே ஒரு கடையில் பசியாறினோம். ரொட்டி சானாய் ஒன்றரை வெள்ளி, தேத்தண்ணி இரண்டு வெள்ளி. மாணிக்கம் தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

அங்கிருந்து கோலா சிலாங்கூருக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். புக்கிட் ரோத்தானை நோக்கிச் செல்லும் அச்சாலையில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒரே நிழல். எங்கள் அணியில் மாணிக்கம் நான்காவது. அவருக்குப் பின் ரவியின் மினி, அதற்குப் பின் லிம் என்ற எங்கள் சீன நண்பரின் ஹில்மன், கடைசியில் என் ஆஸ்டின். செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரி ஒன்று தோட்டத்திலிருந்து வெளிப்பட்டு எனக்கு முன்னால் புகுந்துகொண்டது. மழையில் அதை முந்துவது சரியன்று, பின்னாலேயே போனேன். முன்னால் சென்றவர்கள் கண்ணுக்கு மறைந்தார்கள்.

சிறிது தூரத்தில் செம்மண் தோட்டப் பாதையொன்றின் வாயிலில் பச்சை மோரிஸ் நின்றிருந்தது. சாலையை விட்டு நன்றாக விலகி, நேராக நிறுத்தப்பட்டிருந்தது. போனட் இறங்கியிருந்தது. நான் நிறுத்தினேன்.

மாணிக்கம் இரு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை முழுவதும் வேர்வையில் நனைந்திருந்தது.

"என்ன மாணிக்கம்?"

"ஒண்ணுமில்ல தலைவரே. சும்மா நிப்பாட்டினேன். நீங்க போங்க."

"கடைசி வண்டி போகாது."

"சட்டம் பேசாதீங்கலா. நெஞ்சு கொஞ்சம் அடைக்குது. இந்தக் கை மரத்துப்போன மாதிரி இருக்கு. ரோட்டுல ஏதாச்சும் ஆயிடக் கூடாதுன்னு ஓரமா வந்தேன்."

"ரவியும் லிம்மும் இந்த வழியாகத்தானே போனார்கள்?"

"போனாங்க. ஹார்ன் அடிச்சாங்க. நானும் கையக் காட்டினேன். அவங்களக் கொற சொல்லாதீங்க."

ஆம்புலன்சுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த பெண் இடத்தைக் கேட்டாள். சொல்வதற்குப் பெயர்ப்பலகை இல்லை, கடை இல்லை, வீடு இல்லை. புக்கிட் ரோத்தானுக்கு முன்னால் இடப்பக்கச் செம்மண் பாதை என்றேன். அப்படி எத்தனையோ இருக்கும் என்றாள். பச்சைக் கார், போனட் தூக்கியிருக்கும் என்று சொன்னேன்.

நான் முன்பக்கம் போவதைக் கண்டதும் மாணிக்கம் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினார்.

"வேணாம் தலைவரே. போனட்ட மட்டும் தூக்காதீங்க. வண்டி நின்னுபோச்சுன்னு சொல்லுவானுங்க."

"அடையாளம் வேண்டும், மாணிக்கம்."

"ஒங்க வண்டியோடதத் தூக்கி வைங்களேன்."

அந்த நிலையிலும் அவர் சிரிக்க முயன்றார். என் கார் சாம்பல் நிறம். நான் சொன்னது பச்சைக் கார். ஆம்புலன்ஸ்காரர் நிறத்தைத்தான் தேடுவார். நான் மோரிஸின் போனட்டைத் தூக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. போனட்டைப் பார்த்துத்தான் நிறுத்தினோம் என்று ஓட்டுநர் சொன்னார். தூக்குப் படுக்கையில் கிடத்தும்போது மாணிக்கம் சாவியை என் கையில் வைத்தார்.

"கைபிரேக் போட்டிருக்கேன். ரெண்டாவது கியர்ல நிக்கிது. வண்டி நிக்கல தலைவரே, நாந்தான் நிப்பாட்டினேன். ஆளுங்ககிட்டச் சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லுங்கள்," என்றேன்.

கதவுகளைப் பூட்டினேன். போனட்டை இறக்கும் நினைவு அப்போது இல்லை. ஆம்புலன்ஸின் பின்னால் புறப்பட்டுவிட்டேன்.

தஞ்சோங் காராங் அரசாங்க மருத்துவமனையில் நண்பகலுக்குச் சற்று முன் மாணிக்கம் காலமானார். மனைவியும் மகன் கணேசனும் ரவாங்கிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கணேசனிடம் சாவியை நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை.

"நீங்களே வச்சிக்குங்க அங்கிள். அந்த வண்டி நடு ரோட்டுல நின்னதாலதான் இப்படி ஆச்சு. வாட்ஸ்ஆப்ல போட்டோ வந்துருச்சு. அந்த இரும்ப எங்க கண்ணுலயே காட்டாதீங்க."

"யார் அனுப்பிய படம்?"

"உங்க கிளப்புலதான்."

அவனுடைய தாயார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் நான் வாதாடவில்லை.

பிற்பகலில் கண்காட்சித் திடலுக்குப் போனேன். போக விருப்பமில்லை, ஆனால் அணியை அழைத்து வந்தவன் நான். புக்கிட் மெலாவாத்திக் குன்றின் அடிவாரத்துக்கு அருகே அந்தத் திடல். பார்வையாளர்களுக்கு ஐந்து வெள்ளி. ஜப்பானியக் கார்களே பெரும்பகுதி. எங்களுக்கு ஒதுக்கிய மூலையில் மழைநீர் கணுக்கால் வரை தேங்கியிருந்தது. குன்றிலிருந்து இறங்கிய கருங்குரங்கு ஒன்று யாருடைய ஜாகுவார் மேலோ குட்டியோடு உட்கார்ந்திருக்க, மக்கள் காரை விட்டுவிட்டு அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரிசையில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. ஒன்று எனக்கு. மற்றொன்றில் மோரிஸின் எண் அட்டையை யாரோ குச்சியில் செருகி, கீழே ஒரு சாமந்தி மாலையை வைத்திருந்தார்கள்.

ரவி கலங்கிய கண்களோடு வந்தார். ஒலிபெருக்கியில் அறிவித்து மௌன அஞ்சலியும் முடிந்துவிட்டது என்றார்.

"என்ன அறிவித்தார்கள்?"

"உள்ளதத்தான் சார். வண்டி நின்னுபோயி, கைப்பிடி போட்டுச் சுத்தி ஸ்டார்ட் பண்ணப் பாத்திருக்காரு. அந்த வயசுல அது ஆகுற காரியமா?"

பழைய கார்களில் இன்ஜினை முன்பக்கமிருந்து கையால் சுற்ற ஓர் இரும்புக் கைப்பிடி உண்டு. அதைத்தான் சொன்னார்.

"அவர் சுற்றியதை யார் பார்த்தது?"

"போட்டோ இருக்கு சார். லிம் திரும்பிப் போயி எடுத்தாரு. போனட் தொறந்து கெடக்கு, ஆளக் காணோம்."

"அதைத் தூக்கியது நான்."

ரவி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நீங்கள் இருவரும் ஹார்ன் அடித்துவிட்டுப் போனபோது போனட் எப்படி இருந்தது?"

"எறங்கித்தான் இருந்துச்சு. எங்களுக்கென்னா தெரியும் சார்? கையக் காட்டினாரு, போயிட்டோம். அதுக்கப்புறம் வண்டி நின்னிருக்கும்லா."

நின்றிருக்கும் என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். பக்கத்தில் நின்ற லிம் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இறங்கிய போனட்டைக் கண்டு கடந்து போனவர்களுக்கு, கார் பழுதான கதை தேவைப்பட்டது. அது எனக்கு அங்கேயே விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்டினை இரவு தங்கிய விடுதியில் விட்டுவிட்டு, ஒரு வாடகைக் காரில் அந்தச் செம்மண் பாதைக்குப் போனேன். இருபத்தைந்து வெள்ளி. ஓட்டுநர் சிவா, புக்கிட் ரோத்தான்காரர், நாற்பது வயதிருக்கும்.

"இந்தக் காரா அங்கிள்? நேத்தே பாத்தேனே. பெரியவரு கைப்பிடியச் சுத்தப் போயி விழுந்துட்டாராம்லா. பாவம். இழுக்குறதுக்குக் கயிறு கொண்டாந்தீங்களா?"

"கயிறு தேவைப்படாது. கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்."

இரவு மழை முழுவதும் திறந்த போனட்டுக்குள் பெய்திருந்தது. கைக்குட்டையால் மின்கம்பிகளின் முனைகளைத் துடைத்தேன். பின்பக்கப் பெட்டியைத் திறந்து சிவாவை அழைத்துக் காட்டினேன். கைப்பிடி சாக்குத்துணியில் சுற்றி, நூல்கயிற்றால் கட்டியபடி கிடந்தது. முடிச்சில் தூசி படிந்திருந்தது. கைபிரேக் போட்டிருந்தது, கியர் இரண்டாவதில் இருந்தது. கியரை விடுவித்து, சாவியைத் திருப்பி, சோக்கை இழுத்து, ஸ்டார்ட்டரை ஒரு முறை இழுத்தேன்.

இன்ஜின் ஓடியது.

"ஓடுதே அங்கிள்," என்றார் சிவா. பிறகு, "அப்ப என்னாத்துக்குத் தொறந்து வச்சாங்க?" என்று கேட்டார்.

நான் போனட்டை இறக்கினேன்.

ரவாங் வரைக்கும் நிறுத்தாமல் ஓட்டினேன். துக்க வீட்டின் பந்தலுக்கு அப்பால், தெருமுனையில் காரை நிறுத்தினேன். சத்தம் கேட்டு மாணிக்கத்தின் மனைவி வாசலுக்கு வந்துவிட்டார். இருவர் பிடித்திருந்தார்கள்.

"யாரு ஓட்டியாந்தது?"

"நான்தான் அம்மா."

"ஓடுதா?"

"முதல் இழுப்பில் ஓடியது. வழியில் நிற்கவில்லை."

அவர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நின்னுபோச்சுன்னு சொன்னாங்களே சார். ராத்திரி பூரா அதத்தான் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்," என்றார். கணேசன் வந்து தாயாரை உள்ளே அழைத்துப் போனான். பிற்பகலில் அடக்கம் நடந்தது. கண்காட்சியின் பரிசளிப்பும் அதே நேரத்தில் நடந்ததாக அறிந்தேன்.

அடுத்த மாதம் கணேசன் காரை விற்றுவிட்டான். வாங்கியது கோலாலம்பூரில் ஒரு காப்பிக் கடை. இன்ஜினைக் கழற்றி எடுத்துவிட்டு, கண்ணாடிச் சுவரின் உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். ஒரு காப்பி பதினான்கு வெள்ளி. கோலா சிலாங்கூரில் மழைச்சேற்றில் காலியாகக் கிடந்த அந்த இடத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு மனம் கசக்கவில்லை. போனட்டைத் தூக்கி, கம்பி கொடுத்து நிறுத்தி, உள்ளே பூந்தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பலகையில், தன் எஜமானரின் கடைசிப் பயணத்தில் பாதிவழியில் பழுதாகி நின்ற கார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.

எங்கள் சங்க மலரும் அவ்வாறே எழுதியது. அணியில் வந்த யாருக்கும் தெரியாமல் அவர் தனியாகக் கிடந்தார் என்றும் எழுதியது. கடைசிக் கார் நிற்கவில்லை என்று பொருள்படும் அந்த என்னைப் பற்றிய பகுதிக்குச் சங்கக் கூட்டத்தில் பதில் சொல்லி, தலைவர் பதவியை விட்டு விலகிவிட்டேன். அதை இங்கே மீண்டும் எழுத விரும்பவில்லை. காருக்காகப் பேச இனி ஆளில்லை. சோதித்துக் காட்ட இன்ஜினும் இல்லை. ஆகவே இதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மாணிக்கம் கைப்பிடியைச் சுற்றவில்லை. கார் பழுதாகவில்லை. அதை ஓரமாக நிறுத்தியவர் அவர். போனட்டைத் தூக்கியவன் நான்.