640-க்கும் 0.4-க்கும் நடுவே சிராங்கூன் சாலை

ஜூன் முதல் வாரம் சிங்கப்பூர் போனேன். ஊர் சுற்ற அல்ல. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் என் அண்ணன் ஜமாலுக்கு மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். எங்கள் நாகூர் வழக்கப்படி அவரை நானா என்று கூப்பிடுவேன். போன வருடம் எனக்கும் ஸ்டென்ட் வைத்ததால், இந்த விஷயத்தில் வீட்டில் நான்தான் பெரிய டாக்டர்.

திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம். காலை ஆறரைக்கு இறங்கினேன். ரயிலுக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டாம், வங்கி அட்டையை வாயிலில் தட்டினால் போதும். ஊருக்குள் வர ஐம்பது நிமிடம், இரண்டு டாலர் சொச்சம்.

பன்னிரண்டு மணிக்குத்தான் வார்டுக்குள் விட்டார்கள். நானா தூங்கிக்கொண்டிருந்தார். மச்சி, அதாவது அவர் மனைவி, போனை நீட்டினார். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் அளவு அதில் இருந்தது: 640. என் சிகிச்சைக்குப் பிறகு எடுத்த ரிப்போர்ட்டும் என் போனில் உண்டு. அதில் 0.4. எனக்குக் கை கால் ஓடவில்லை. மச்சியிடம் மட்டும் பரவாயில்லை என்று சொல்லிவைத்தேன். மூன்று மணிக்கு மறுபடி ரத்தம் எடுப்பார்களாம், அதுவரை போய்ச் சாப்பிட்டு வாங்க தம்பி என்று அவர் அனுப்பிவிட்டார்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி, சிராங்கூன் சாலையில் ஃபேரர் பார்க் வரை நடந்தேன். எண்ணூறு மீட்டர் இருக்கும். திரும்பினேன், மறுபடி நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருப்பதால் நனையவில்லை. ஒரு கடையில் பிரியாணி வாங்கி, நாலு வாய்க்கு மேல் இறங்காமல் எழுந்துவிட்டேன். பூக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை எல்லாம் பார்த்தேன், எதுவும் மனதில் நிற்கவில்லை. அறுநூற்று நாற்பதை அரையால் வகுத்தால்கூட ஆயிரத்துக்கு மேல் மடங்கு. நானா பிழைக்க மாட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ரயிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மருத்துவமனைக்கு டாக்ஸி பிடித்தேன், பதினான்கு டாலர். ஓட்டுநர் எதையோ கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

நாலரைக்குத் தாதி வனிதா வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், இந்த ஊர் வழக்கப்படி பேச்சை 'லா' என்று முடிப்பார். அளவு 510-க்கு இறங்கிவிட்டது என்றார். ஸ்டென்ட் வைத்தால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அடுத்தடுத்து இறங்குகிறதா என்பதுதான் முக்கியமாம். நான் விடாமல் என் 0.4-ஐக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"அங்கிள், இது மில்லிலிட்டருக்கு. நாங்க லிட்டருக்குப் போடுறோம். ஆயிரத்தால பெருக்குங்க. உங்களுது நானூறு லா."

அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் குறைத்தே முப்பது வருடம் ஓட்டிய கணக்கு வாத்தியார் நான். வெட்கமாகப் போயிற்று. டெஸ்ட் முறையும் மாறும், அதனால் இரண்டையும் நேராக ஒப்பிடவே கூடாது என்றும் சொன்னார். பிறகு, மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறேனா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கண்ணை மூடிக் கிடந்த நானா திறந்து பார்த்தார். "எப்பலேந்து நிறுத்துனே?"

"மார்ச்லேந்து. புள்ளி நாலுதானேன்னு..."

நானா மச்சியிடம் என் சட்டைப்பையைக் காட்டி, போனை வாங்கி என் மகளைக் கூப்பிடச் சொன்னார்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மருந்துச் சீட்டையும் மாத்திரையையும் கைப்பையிலேயே வைத்திருங்கள். ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்த்து நீங்களாகத் தீர்ப்பு எழுதாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். மறுநாள் காலை புக்கிட் மேராவில், நானா வீட்டுக்குக் கீழே இருந்த கிளினிக்கில் காட்டி மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தேன். நானா வெள்ளிக்கிழமை வீடு வந்தார். ஞாயிறு நான் கிளம்பும்போது மெல்ல எழுந்து வந்து, என் பையைத் திறந்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நோயாளியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் நான் விமானம் ஏறியிருந்தேன்.