அட்டவணையின் கடைசி வரிசை

மருத்துவ மாணவர்களின் பரீட்சைக் கட்டிலில் நோயாளியாக ஏறிப் படுத்ததும் விஜிதரன் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி தலைமாட்டில் வைப்பார். சோடாப் போத்தலின் அடியைப் போலத் தடித்த கண்ணாடி. பிறகு ஒன்றும் அறியாத பிள்ளையாக முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். நோயின் பெயரை மாணவர்களிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது பரீட்சகர்களின் கட்டளை. அவர் சொல்லவும் மாட்டார். கண்ணாடி சொன்னால் அதற்கு அவர் என்ன செய்வார்?

ஆறடி நான்கு அங்குலம். பாதம் இரண்டும் கட்டிலைத் தாண்டி வெளியே தொங்கும். கைகளை விரித்து அளந்தால் உயரத்தையும் மிஞ்சும். மார்ஃபன் என்பது நோயின் பெயர். உடம்பை இழுத்துப் பிடித்திருக்கும் இழைகள் பிறவியிலேயே தளர்ந்தவை. கண்ணும் நெஞ்சுக்குள் இருக்கும் பெருநாடியும் அதில் அகப்பட்டுக்கொள்ளும். மருத்துவ மாணவர்களுக்காகப் பதினைந்து வருடமாக இப்படி வந்து படுக்கிறார்.

மற்ற நாட்களில் தன் ஊரான கல்லடியில் போட்டோக் கொப்பிக் கடை. மாணவர்களின் குறிப்புகளைப் பிரதி எடுத்து எடுத்து அவருக்கே பாடமாகிவிட்டது. ஒரே சாயல் கொண்ட பரம்பரை நோய்களைப் பிரித்தறிகிற அட்டவணை ஒன்று உண்டு. அது வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு, கொண்டுவந்த மாணவர்களுக்கு விளக்கத் தொடங்கிவிடுவார்.

"இந்தா, இந்தப் பெட்டிக்குள்ள இரிக்கிறது நான். பக்கத்துல இரிக்கிறவரும் என்னப் போல நெட்டைதான், விரலும் நீளம். ஆனா கண்ணுக்குள்ள வில்லை எனக்கு மேல விலகும், அவருக்குக் கீழ விலகும். அவருக்கு ரெத்தமும் கட்டிபடும். தோல் ரப்பர் மாதிரி இழுபட்டா அது மூண்டாவது ஆள். என்ட தோல இழுத்துப் பாருங்க, நோகும்!"

கடைசி வரிசை வரும்போது மட்டும் ஸ்டாப்ளரைத் தேடப் போய்விடுவார். நோய் பிள்ளைகளுக்கு இறங்கும் விதம் அந்த வரிசையில் இருக்கிறது. அவருடைய பெட்டியில், ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு 'பாதிக்குப் பாதி' என்று எழுதியிருக்கும்.

மகள் நிருஷாவுக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் எல்லாரையும் விட உயரம், அதனால் கடைசி வாங்கு. "ஒருக்காக் கொண்டு போய்க் காட்டுவமே" என்று மனைவி அஜந்தா கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனாள். "அவள் உன்ட தம்பிட உயரம்" என்பார். அந்த மச்சானோ அஜந்தாவை விடக் கட்டை. வேறொன்றுமில்லை, பயம். தன் பெட்டியில் இன்னொரு ஆளையும் காண அவருக்கு மனம் வரவில்லை. பரீட்சையில் யாராவது பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் இல்லை என்றே சொல்லிவந்தார்.

இந்தமுறை பரீட்சைக்கு வந்த மாணவி ஏறாவூர்ப் பிள்ளை, ஸாலிஹா. கண்ணாடியைப் பார்த்தாள். பெருவிரலை உள்ளே மடக்கிக் கையைப் பொத்தச் சொன்னாள். விரல் நுனி சுண்டுவிரல் பக்கத்தால் வெளியே எட்டிப் பார்த்தது. அவளுக்கு விளங்கிவிட்டது என்பது விஜிதரனுக்கும் விளங்கியது. உள்ளுக்குள் சந்தோஷம்.

"புள்ளைகள் இரிக்காங்களா அண்ணன்?"

"இல்ல தங்கச்சி."

எழுதக் குனிந்தவள் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தாள். ஊதா நிறத்தில் ஒரு தலைமுடி ரப்பர். காலையில் நிருஷாவுக்குப் பின்னல் போட்டபோது மிஞ்சியது.

"அப்ப இது ஆர்ட?"

விஜிதரன் தலைமாட்டில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மொதல்ல புள்ளைட நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் ஒண்டு எடுங்க அண்ணன். நேரத்தோட தெரிஞ்சா மருந்து இரிக்கு. இது உங்களுக்குத் தெரியாததா?"

மணி அடித்தது. அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்குப் பூட்டு. எக்கோ அறைக்கு வெளியே வாங்கில் தகப்பனும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நான்கு நீண்ட கால்கள் நடைபாதையை மறித்துக்கொண்டு கிடந்தன. நிருஷாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அப்பா, சோதனையில நீங்க கை பொத்திக் காட்டுறது எப்பிடி? இப்பிடியா?"

பெருவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மூடத் தொடங்கினாள். கடைசி விரல் மூடுமுன் விஜிதரன் அந்தக் கை முழுவதையும் தன் கைக்குள் பொத்திக்கொண்டார். உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். பொத்திய கையை விடாமலே எழுந்து, தலையைக் குனிந்து, மகளோடு அந்த வாசலுக்குள் நுழைந்தார்.